உறைஞ்ச ஏரியில ஒரு பாய்மரப் படகு, 15 நிமிஷத்துல அக்கா வீடு

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

போன எபிசோடில் போகிற போக்கில் "நான் இப்போ போட்லதான் இருக்கேன்"னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு வந்த மெசேஜ்களில் முக்கால்வாசி ஒரே கேள்வி: குளிராதா? மீதி கால்வாசி, "வேலை போயிடுச்சா ப்ரோ?" வேலை இருக்கு. அதனால குளிரைப் பத்திப் பேசுவோம்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். கனடாவில், டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோ. இந்தியா, இலங்கைக்கு வெளியே தமிழர்கள் அதிகமா வாழ்கிற இடங்களில் ஒன்று. கொத்து ரொட்டிக் கடை, நகைக்கடை, புடவைக்கடை எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதே ஸ்கார்பரோவின் தெற்கு எல்லைதான் ஒன்டாரியோ ஏரி. கரை முழுக்கப் பனியுகக் காலத்துல படிஞ்ச மணலும் களிமண்ணும் செங்குத்தா நிக்கும். சில இடங்களில் 90 மீட்டர் வரைக்கும் உயரம். அதுக்கு அடியில பிளஃபர்ஸ் பார்க்னு ஒரு பூங்கா, அதை ஒட்டிப் படகுத்துறை. குளிர்காலம் வந்தா பெரும்பாலான படகுகளைக் கிரேன் வெச்சுத் தூக்கிக் கரையில நிறுத்திடுவாங்க. கொஞ்சம் பேர் மட்டும் தண்ணியிலேயே விட்டு, உள்ளேயே குடியிருப்பாங்க. இந்த வருஷம் அதுல நானும் ஒருத்தன்.

காரணம் சாகசம் இல்லை. அக்காவுக்கு நவம்பர்ல குழந்தை பிறந்தது. அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து அக்டோபரிலேயே வந்துட்டாங்க. இங்கே விசிட்டரா வர்றவங்க பொதுவா ஆறு மாசம் தங்கலாம். அக்கா, அத்தான் இருக்கிறது ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட். அதுல ரெண்டாவது ரூம்ல அதுவரைக்கும் இருந்தவன் நான். அந்த ரூம் அம்மா அப்பாவுக்குத்தான் போகணும், அதுல பேச்சே இல்லை. ஆறு மாசத்துக்கு எங்கேயாவது பேஸ்மென்ட் வாடகைக்கு எடுக்கலாம். இல்லன்னா ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கி, கோடையில மட்டும் ஓட்டிக்கிட்டிருந்த பழைய போட்டுக்கு மாறலாம். போட்டிலிருந்து அக்கா வீடு காரில் 15 நிமிஷம்.

போட் 33 அடி நீளம். சி அண்ட் சி என்கிற, ஒன்டாரியோவில் தொடங்கின கம்பெனியோட 1980-கள் மாடல், ஃபைபர் கிளாஸ் உடம்பு. உள்ளே எவ்வளவு இடம்னா, நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஃபர்ஸ்ட் ஏசி கூபே ரெண்டை நீளவாக்குல ஒட்ட வெச்ச மாதிரி. நிமிர்ந்து நிக்கலாம். ஒரு சின்ன அடுப்பு, ஒரு மேஜை, முன்பக்கம் முக்கோணமா ஒரு படுக்கை. பாய்களைக் கழட்டி உலர வெச்சு மடிச்சாச்சு. இன்ஜின் குழாய்களில் உறையாத திரவம் ஊத்தியாச்சு. அதனால ஏப்ரல் வரைக்கும் இது எங்கேயும் நகராது. நங்கூரம், காற்று, அலைன்னு எந்தக் கவலையும் இல்லாம, தண்ணியில மிதக்கிற ஒரு ரூம், அவ்வளவுதான். நிதானமான குளிர்காலம்னு நான் சொல்றது இதைத்தான். ஆனா அந்த நிதானம் சும்மா வர்றதில்லை. தினமும் மூணு கணக்கு பார்க்கணும்: சூடு, கரண்ட், ஈரம்.

சூட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். எல்லாரும் நினைக்கிறது, "கீழே ஐஸ் தண்ணி, அதான் குளிரும்". நேர்மாறா யோசிங்க. வெளியே காற்று மைனஸ் 20 டிகிரிக்குப் போகலாம். ஆனா ஏரித் தண்ணி திரவமா இருக்கிற வரைக்கும் 0 டிகிரிக்குக் கீழே போகாது. உள்ளே 20 டிகிரி வெச்சிருந்தா, கூரைக்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் 40 டிகிரி. தண்ணிக்குள்ள இருக்கிற அடிப்பாகத்துக்கு வெறும் 20. வெப்பம் வெளியேறுகிற வேகம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. அதாவது, குளிர் அதிகமான ராத்திரியில ஏரிதான் எனக்குக் கம்பளி. பிரச்சினை முழுக்கத் தலைக்கு மேலே.

அதனால மேல்தளம் முழுக்க ஷ்ரிங்க் ராப் போடுவாங்க. கட்டைகளை வெச்சு ஒரு கூடாரச் சட்டம் கட்டி, மேலே கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, சூடு காட்டினா அது சுருங்கி மத்தளத்தோல் மாதிரி இறுகிடும். ஓரத்துல ஜிப் வெச்ச ஒரு கதவு. வெறும் சேமிப்புக்கு நிறுத்துறவங்க வெள்ளை ஷீட் போடுவாங்க; குடியிருக்கிறவங்க ஒளி புகுகிற ஷீட் போடுவாங்க. வெயில் அடிச்சா உள்ளே கண்ணாடி வீடு மாதிரி சூடாகும். டிசம்பர்ல இங்கே பகல் ஒன்பது மணி நேரம்தான், ஆனா மதியம் அந்தக் கூடாரத்துக்குள்ள ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கிட்டு லேப்டாப்போட உட்கார்ந்து மீட்டிங் பேசியிருக்கேன். பின்னாடி என்ன வெள்ளையா இருக்குன்னு மேனேஜர் கேட்டார். கல்யாண மண்டபம்னு சொன்னேன்.

அடுத்து ஐஸ். ஒன்டாரியோ ஏரி 244 மீட்டர் வரைக்கும் ஆழம், அதனால முழுசா உறையறது ரொம்ப அபூர்வம். ஆனா துறைக்குள்ள தண்ணி ஆழம் குறைவு, அலையும் இல்லை. அது உறையும். உறைஞ்ச பாளம் காற்றுக்கு நகர்ந்து போட்டை உரசினா உடம்பு தேயும். இதுக்குத் தீர்வு பப்ளர்னு ஒரு கருவி. பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கா, நல்ல தண்ணிக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம்? அதனால குளிர்காலத்துல கனமான, ஓரளவு சூடான தண்ணி அடியில தங்கும். அதைவிடக் குளிர்ந்த தண்ணி மேலே மிதந்து உறையும். பப்ளர் செய்யறது, ஒரு சின்னக் கம்ப்ரஸர்லேருந்து காற்றைக் குழாய் வழியா போட்டுக்கு அடியில விடறது. குமிழ்கள் மேலே ஏறும்போது அடித்தண்ணியையும் கூடவே இழுத்துட்டு வரும். போட்டைச் சுத்தி ஒரு முழம் அகலத்துக்கு ஐஸ் கட்டாம திறந்தே இருக்கும். தண்ணியைச் சூடு பண்ண ஒரு வாட்கூடச் செலவழிக்கலை. ஏற்கெனவே கீழே இருந்த சூட்டை மேலே கொண்டுவர்றோம், அவ்வளவுதான். இந்த வருஷம் நான் பார்த்த இன்ஜினியரிங்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். திறந்த தண்ணியைத் தேடி வாத்துகள் வந்து சுத்தி உட்கார்ந்துக்கும். காலையில அதுங்க போடற சத்தத்துக்கு அலாரம் தேவையில்லை.

இப்போ கரண்ட். துறையிலிருந்து ஒரு தடித்த கேபிள் வரும்: 120 வோல்ட், 30 ஆம்பியர். பெருக்கினா 3600 வாட். ஆனா மணிக்கணக்கா ஓடுகிற லோடுக்கு அதுல 80 சதவீதம்தான் எடுக்கணும்கிறது வழக்கமான விதி, அதாவது 2880 வாட். கடையில விக்கிற சாதாரண ஹீட்டர் ஒண்ணு 1500 வாட். ரெண்டு போட்டா 3000, எல்லை தாண்டியாச்சு. கெட்டிலும் கிட்டத்தட்ட 1500 வாட். டீ போடணும்னா ஹீட்டரை அணைக்கணும். ரெண்டு த்ரெட், ஒரு லாக். கோடு எழுதறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

ஃபியூஸ் போகறதோட முடிஞ்சா பரவாயில்லை. கேபிள் போட்டுக்குள்ள நுழைகிற பிளக் பழசாகி, முனை கறுத்து, பிடிப்பு தளர்ந்தா அங்கே மின்தடை ஏறும், சூடேறும். பழைய போட்களில் தீ ஆரம்பிக்கிற முக்கியமான இடங்களில் அது ஒண்ணு. எங்க அப்பா மின்வாரியத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முதல் தடவை போட்டுக்கு வந்தப்போ ஏரியைப் பார்க்கலை, படுக்கையைப் பார்க்கலை. நேரா அந்த பிளக்கிட்ட போய்ப் புறங்கையால தொட்டுப் பார்த்தார். "வெதுவெதுன்னு இருந்தா பரவாயில்ல, கை பொறுக்கலன்னா உடனே அணைச்சிரு" என்றார். இப்போ ராத்திரி படுக்கும் முன்னாடி நானும் புறங்கையால தொட்டுப் பார்க்கிறேன். துறையில ஒரு பெரியவர் இதே பழக்கத்தோட இருக்கார், அவருக்குத் தமிழ் தெரியாது.

மின்சாரம் மட்டும் போதாத நாட்களுக்கு டீசல் ஹீட்டர். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கு. கொஞ்சம் புகையோட வெளியே போயிடும்னு வெச்சுக்கிட்டாலும், 2 கிலோவாட் சூடு வேணும்னா மணிக்குக் கால் லிட்டர். கடும் குளிர்ல நாள் முழுக்க ஓடினா ஆறு லிட்டர். நான் அதை மைனஸ் 10-க்குக் கீழே போனா மட்டும் போடறேன்.

மூணாவது ஈரம். குளிரைப் பத்தி நூறு பேர் கேட்டீங்க, ஈரத்தைப் பத்தி ஒருத்தர்கூடக் கேட்கலை. ஆனா போட்ல குளிர்காலத்தைக் கெடுக்கிறது இதுதான். ஒரு மனுஷன் மூச்சிலயும் தோலிலயும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல தண்ணியை ஆவியா விடறான். சமைச்சா இன்னும் கூடும். புரொப்பேன் கேஸை எரிச்சா, ஒரு கிலோ கேஸுக்கு 1.6 கிலோ தண்ணி உருவாகுது. இது வெறும் வேதியியல் சமன்பாடு. 20 டிகிரி சூட்டுல, 60 சதவீத ஈரப்பதத்துல இருக்கிற காற்று, 12 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் நீர் கோத்துக்கும். போட்ல 12 டிகிரிக்குக் கீழே என்னென்ன? ஜன்னல், போல்ட், அலமாரிக்குப் பின்னாடி இருக்கிற சுவர், மெத்தைக்கு அடியில இருக்கிற பலகை. ஒரு வாரம் கவனிக்கலைன்னா மெத்தைக்கு அடியில கறுப்பா பூசணம் பூத்துடும், அதோட வாசனை சட்டையில ஏறும்.

இதுக்கு நான் பண்றது மூணு விஷயம். மெத்தைக்குக் கீழே காற்று ஓடறதுக்கு மரச்சட்டம். ஈரம் உறிஞ்சுகிற மெஷின் ஒண்ணு. சாதாரண கம்ப்ரஸர் மாடல் குளிர்ல திணறும், அதனால டெசிகன்ட் வகை. அது பிடிக்கிற ஒவ்வொரு லிட்டர் தண்ணியும் ஆவியிலிருந்து நீராகும்போது 0.68 கிலோவாட்-மணி வெப்பத்தை அறைக்கே திருப்பித் தருது, அதனால அதுவும் ஒரு ஹீட்டர்தான். மூணாவது, மைனஸ் 10 டிகிரியிலும் தினமும் பத்து நிமிஷம் மேல்கதவைத் திறந்து வைக்கிறது. இதைச் சொன்னா யாரும் நம்பறதில்லை. கணக்கைப் பாருங்க: மைனஸ் 10-ல் இருக்கிற காற்று ஒரு கன மீட்டருக்கு ரெண்டு கிராம் சொச்சம் தண்ணிதான் தாங்கும். என் கேபின் காற்றில் பத்து கிராம். அந்தக் காற்று போய் வெளிக்காற்று வந்தா எட்டு கிராம் லாபம். கேபின் சுமார் 30 கன மீட்டர். புதுக்காற்றைத் திரும்பச் சூடாக்க ஹீட்டர் 12 நிமிஷம் ஓடினா போதும். வெளியே கொட்டுகிற பனி, உள்ளே இருக்கிற காற்றைவிட வறண்டது. ஊர்ல ஐப்பசி மழையில துணி காயப்போட்டுப் பழகின மூளைக்கு இது ஏற ரொம்ப நாள் ஆகும்.

இவ்வளவு சொன்னாலும், என்கிட்ட இருக்கிறதுலேயே பெரிய ஈரநீக்கி அக்கா வீட்டு அடுப்படிதான். சோறு வடிக்கிறது, குக்கர் விசில், சாம்பார் கொதிக்கிறது, குளிக்கிறது, துணி துவைச்சுக் காயவைக்கிறது: இந்த அஞ்சையும் போட்ல செஞ்சா நான் சொன்ன கணக்கெல்லாம் கவிழ்ந்துடும். அதெல்லாம் அக்கா வீட்டுலதான். குழாய்த் தண்ணியும் அப்படித்தான். துறையில மேலே போகிற குழாய்களைக் குளிர்காலத்துல அடைச்சுடுவாங்க, இல்லன்னா உறைஞ்சு வெடிச்சுடும். அதனால 20 லிட்டர் கேன்ல பிடிச்சுட்டு வருவேன். கழிவறைக்குத் துறைக் கட்டிடம். ஏரியில கழிவு விடறது சட்டப்படி குத்தம். யூடியூப்ல பனிக்கால போட் வாழ்க்கை வீடியோ பார்த்து ஆசைப்படற எல்லாருக்கும் நான் கேக்கிற கேள்வி ஒண்ணுதான்: குளிக்க எங்கே போவீங்க? சொந்தபந்தம் யாரும் பக்கத்துல இல்லாம துறையில இருக்கிறவங்க இருக்காங்க, நல்லாவே இருக்காங்க. ஆனா அவங்க நாளில் பாதி இந்த வேலைகளுக்கே போகுது. எனக்கு மட்டும் இது நிதானமா இருக்கிறதுக்குக் காரணம் என் திறமை இல்லை, அக்காவோட வாட்டர் ஹீட்டர்.

பதிலுக்கு நான் என்ன கொடுக்கிறேன்? செவ்வாய், வெள்ளி ராத்திரி அக்கா வீட்டு ஹாலில் படுக்கிறேன். ரெண்டு மணிக்கு அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கிட்டு நடக்கிற ஷிஃப்ட் என்னோடது. அத்தான் அன்னைக்கு முழுசா தூங்குவார். மத்த நாள் வேலை முடிஞ்சு போவேன், அம்மா பத்தியத்துக்கு வெச்ச பூண்டுக் குழம்புல எனக்கும் ஒரு பங்கு இருக்கும், சாப்பிட்டுக் கிளம்பிடுவேன். ரெண்டு ரூம் வீட்டுல அஞ்சு பெரியவங்களும் ஒரு கைக்குழந்தையும் ஆறு மாசம் இருந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். யாரும் கெட்டவங்க இல்லை, ஆனா மூணாவது வாரத்துல டிவி சத்தத்துக்குச் சண்டை வரும். 15 நிமிஷ தூரம் அதைத் தடுத்துடுது. கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சா "பப்ளர் ஓடுதான்னு பார்க்கணும்"னு எழுந்துடலாம். அப்பாவுக்கு அது பொய்னு தெரியும். மின்சாதனம் சம்பந்தப்பட்ட பொய்ங்கிறதால மன்னிச்சுடறார்.

அம்மாவைச் சமாதானப்படுத்தறதுதான் கஷ்டமா இருந்தது. "ராத்திரி கயிறு அத்துக்கிட்டா என்னல செய்வ?" இதுதான் முதல் கேள்வி. ஆறு கயிறு இருக்கும்மா, ஒண்ணு அறுந்தா அஞ்சு இருக்கும். அது நிஜமான ஆபத்து இல்லை. நிஜமான ஆபத்து வேற ரெண்டு இருக்கு, அதை அம்மாகிட்ட மறைக்கலை.

ஒண்ணு கார்பன் மோனாக்சைடு. டீசல் ஹீட்டரோட புகைக்குழாயைப் பனி மூடினாலோ, ஷ்ரிங்க் ராப்புக்குள்ளேயே புகை தேங்கினாலோ, வாசனையே இல்லாத அந்த வாயு தூக்கத்துலேயே ஆளை முடிச்சுடும். அதனால படுக்கைகிட்ட ஒண்ணு, நடுவுல ஒண்ணு, ரெண்டு அலாரம். பனி பெய்ஞ்ச ராத்திரி புகைக்குழாயைப் பார்க்காம படுக்கிறதில்லை. கரி அடுப்பு எந்தக் காரணத்துக்கும் உள்ளே வராது.

இன்னொண்ணு தண்ணியில விழறது. நடுக்கடல்ல இல்லை, துறையில, ராத்திரி, ஐஸ் படிஞ்ச பலகையில, கையில சாப்பாட்டுப் பையோட வழுக்கி. இதுக்கு மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிப் பரவின ஒரு விதி இருக்கு: 1-10-1. உறைகிற தண்ணியில விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு உன் கட்டுப்பாட்டுல இருக்காது. பதறாம மூச்சைச் சீராக்கிக்கணும். அடுத்த பத்து நிமிஷம் கை கால் வேலை செய்யும். அதுக்குள்ள ஏறிடணும், இல்லன்னா எதையாவது பற்றிக்கணும். நினைவு தப்ப சுமார் ஒரு மணி நேரம் ஆகும். குளிர்ல விறைச்சு உடனே செத்துடுவோம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. பல பேர் போறது அந்த முதல் நிமிஷத்துலதான், மூச்சு திணறி தண்ணியைக் குடிச்சு. மிதவை ஜாக்கெட் போட்டிருந்தா அந்த நிமிஷத்தைத் தாண்டிடலாம். அதனால கார் நிறுத்துகிற இடத்திலிருந்து போட் வரைக்கும் ஜாக்கெட் இல்லாம நடக்கிறதில்லை. காலில் ஆணி வெச்ச ரப்பர் பட்டை, ஃபோன் நீர் புகாத பையில கழுத்துல, துறை ஓரத்துல தண்ணிக்குள்ள இறங்குகிற ஏணி எங்கே இருக்குன்னு கண்ணை மூடினாலும் தெரியும்.

அம்மாவுக்காகப் போட்ட ஏற்பாடு நமக்கெல்லாம் பழகினதுதான், ஹார்ட்பீட். கார்லேருந்து இறங்கும்போது ஒரு மெசேஜ், போட்டுக்குள்ள போய்க் கதவை மூடினதும் "ஏறிட்டேன்"னு ஒரு மெசேஜ். நடுவுல ஏழு நிமிஷம் தாண்டினா அக்கா எனக்கு ஃபோன் பண்ணுவா. நான் எடுக்கலைன்னா பக்கத்துப் போட்காரருக்கு. அவர் நம்பர் ஃப்ரிட்ஜ் மேலே ஒட்டியிருக்கு. ஜனவரியில ஒரு நாள் உள்ளே வந்ததும் வேலை விஷயமா ஒரு கால் வந்து, மெசேஜ் தாமதம் ஆயிடுச்சு. ஒன்பதாவது நிமிஷம் டார்ச் லைட் அடிச்சுக்கிட்டு அவர் ஜிப் கதவைத் தட்டினார். சிஸ்டம் வேலை செய்யுது. அன்னைக்கு அம்மா நிம்மதியா தூங்கினாங்கன்னு அக்கா சொன்னா.

செலவைப் பத்தியும் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மாசக் கணக்குல பார்த்தா பேஸ்மென்ட் வாடகையைவிடக் குறைவு. போட் வாங்கின காசு, ஷ்ரிங்க் ராப், இன்ஷூரன்ஸ், டீசல் எல்லாம் சேர்த்தா அந்தக் குறைவு பெருசா தெரியாது. பணத்துக்காக மட்டும் பண்ணாதீங்க. இன்னொண்ணு, எல்லாத் துறைகளும் குளிர்காலத்துல ஆள் தங்க விடறதில்லை. இன்ஷூரன்ஸ்காரங்களும் "உள்ளே குடியிருக்கேன்"னு சொன்னா தனியா விதி போடுவாங்க. ரெண்டையும் எழுத்துல வாங்காம அக்டோபரைத் தாண்டக் கூடாது.

கடைசியா, "அடுத்த குளிர்காலமும் இதேதானா?"ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. அம்மா அப்பா ஏப்ரல் முதல் வாரம் ஊருக்குக் கிளம்பறாங்க. ஷ்ரிங்க் ராப்பைக் கத்தியால கிழிச்சு எடுத்துட்டு, பாய்களைத் திரும்ப மாட்டணும். அத்தான் வேலை மாறினா அவங்க பிராம்ப்டன் பக்கம் வீடு பார்க்கிறதா ஒரு பேச்சு இருக்கு. பிராம்ப்டன் இங்கிருந்து பனி நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அப்படி ஆச்சுன்னா நான் போட்டைக் கிரேன்ல தூக்கிக் கரையில வெச்சுட்டு, அவங்க வீட்டுக்குப் பக்கத்துலேயே ஒரு பேஸ்மென்ட் பார்ப்பேன்.